பழைய கம்ப்யூட்டரில் புதிய கார்டு: வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் கணிப்பொறி வகுப்பு எடுப்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. இப்போது வேகம் போதவில்லை. ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் செருகினால் சரியாகிவிடுமா?" டாக்குரியா, ஜாதவ்பூர், லேக் மார்க்கெட் பக்கத்து மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கிறார்கள். ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலரும் கேட்கிறார்கள். கையில் இருப்பதோ சிறு தொகை. பழைய கார்டு வாங்கிய பின் பொருந்தவில்லை என்றால், பெரும்பாலும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே விடை தெரிய வேண்டும். அந்த விடையை ஒவ்வொருவரும் தாமே கண்டுகொள்வதற்கு உதவுவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லாட்டில் கார்டு உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே அது பொருந்திவிட்டதாகாது. ஸ்லாட், மின்சாரமும் இடமும், பயாஸ், டிரைவர், மற்ற பாகங்கள் என ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். ஐந்தில் ஒன்று முரண்டு பிடித்தாலும் போட்ட காசு வீண்தான்.

ஆக்ஸிலரேட்டர் கார்டு என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் பிராசஸர் எல்லா வேலையையும் செய்யக்கூடியது. ஆனால் சில வேலைகளை மிக மெதுவாகச் செய்யும். அந்தக் குறிப்பிட்ட வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு விரைவாகச் செய்து கொடுக்கும் துணைக் கருவியைத்தான் ஆக்ஸிலரேட்டர் என்கிறோம். கல்யாண வீட்டில் தலைமைச் சமையற்காரர் எல்லாம் அறிந்தவர். ஆனால் ஆயிரம் பேருக்குக் காய் நறுக்கத் தனி ஆட்கள் வேண்டும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இந்த எண்ணம் புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் வெளியிட்ட பி.சி.யிலேயே 8087 என்ற கணக்குத் துணைச் சிப்புக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனம் இன்போர்டு 386 என்ற கார்டைக் கொண்டுவந்தது. பழைய பிராசஸரை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் இந்தக் கார்டின் கேபிளைச் செருகினால் பழைய இயந்திரம் 386 ஆகிவிடும். கணக்கு வேலைகள் பறந்தன. ஆனால் ஹார்ட் டிஸ்க்கும் திரையும் பழைய வழியிலேயே, பழைய வேகத்திலேயே இயங்கின. இந்தப் பாடம் இன்றும் செல்லும் என்பதைப் பின்னர் பார்ப்போம். 1996-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. அது முப்பரிமாணப் படங்களை மட்டுமே வரையும். சாதாரணத் திரைக்கு வேறொரு கார்டு வேண்டும். இரண்டையும் ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். இன்றைய கிராபிக்ஸ் கார்டு இரண்டு வேலையையும் செய்வதோடு செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளையும் போடுகிறது.

நம் நாட்டுக் கார்டு ஒன்று

தமிழர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய துணைக் கார்டு ஒன்று உண்டு. அதன் பெயர் ஜிஸ்ட். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1980-களில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்து, 1988-இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தால் புணேயில் வளர்க்கப்பட்ட தொழில்நுட்பம் அது. மோகன் தாம்பே அந்தக் குழுவை வழிநடத்தியவர். அக்காலத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களில் ஆங்கிலம் மட்டுமே தெரியும். ஜிஸ்ட் கார்டைச் செருகினால் அதே இயந்திரத்தில், அதே டிபேஸ், லோட்டஸ் போன்ற டாஸ் நிரல்களில் இந்திய எழுத்துகளை உள்ளிடவும் பார்க்கவும் முடிந்தது. நிரலை மாற்றி எழுத வேண்டியதில்லை. எழுத்துகளைச் சேர்த்துத் திரையில் வரையும் பாரத்தைக் கார்டே ஏற்றுக்கொண்டது.

எழுத்துகளைச் சேமிக்க அது இஸ்கி என்ற குறியீட்டைப் பயன்படுத்தியது. இந்தியத் தர நிறுவனம் 1991-இல் ஏற்றுக்கொண்ட தரம் அது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே வரிசை என்பது அதன் சிறப்பு. 'க' என்ற எழுத்துக்குத் தமிழிலும் வங்காளத்திலும் ஒரே எண்தான். வங்காள எழுத்தில் பதிந்த ஒரு பெயரைத் தமிழ் எழுத்தில் காட்டவும் முடியும் என்பது கல்கத்தாத் தமிழர்களாகிய நமக்குச் சுவையான செய்தி.

இந்தக் கார்டுக்கும் பொருத்தத்தின் எல்லைகள் இருந்தன. எழுத்து முறையில் இயங்கும் நிரல்களுக்கே அது உதவியது. படமாக வரையும் விண்டோஸ் வந்தபோது அந்த வழி பயன்படவில்லை. அது அமர்ந்த ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டும் 2000-க்குப் பின் வந்த மதர்போர்டுகளில் படிப்படியாக மறைந்தது. கார்டு ஓய்வு பெற்றாலும் இஸ்கியின் எழுத்து வரிசை மறையவில்லை. இன்று நாம் செல்போனில் தமிழ் எழுதப் பயன்படும் யூனிகோடு, இந்திய மொழிகளுக்கான தன் வரிசையை 1988-ஆம் ஆண்டு இஸ்கியை அடிப்படையாகக் கொண்டே அமைத்தது.

இனி ஐந்து கேள்விகளுக்கு வருவோம்.

முதல் கேள்வி: எந்த ஸ்லாட்?

மதர்போர்டில் கார்டு செருகும் வாய்தான் ஸ்லாட். காலத்துக்கேற்ப அது மாறி வந்திருக்கிறது. 16 பிட் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் அதிகபட்சமாக விநாடிக்கு 16 எம்.பி. அளவுதான் தகவல் போகலாம். பி.சி.ஐ. ஸ்லாட்டில் 133 எம்.பி. ஏ.ஜி.பி.யின் கடைசி வடிவத்தில் சுமார் 2,100 எம்.பி. இவற்றில் ஒன்றின் கார்டு மற்றொன்றில் நுழையாது. ஏ.ஜி.பி.க்குள்ளேயே 3.3 வோல்ட், 1.5 வோல்ட் என்று இரண்டு வகை இருந்தன. வெட்டு இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

2004 முதல் கடைகளுக்கு வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இந்தத் தலைவலியைப் பெரிதும் குறைத்தது. புதிய தலைமுறைக் கார்டு பழைய தலைமுறை ஸ்லாட்டிலும் உட்காரும், குறைந்த வேகத்தில் ஓடும். ஆனால் இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த ஸ்லாட் பல 'லேன்'கள் கொண்ட சாலை. 3.0 தலைமுறையில் ஒரு லேனில் விநாடிக்குச் சுமார் 1 ஜி.பி. போகும், 4.0 தலைமுறையில் சுமார் 2 ஜி.பி. 2022 ஜனவரியில் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு நான்கே லேன்களைப் பயன்படுத்துவது. புதிய போர்டில் 8 ஜி.பி. கிடைக்கும், பழைய 3.0 போர்டில் அது பாதியாகிவிடும். காலை நேரத்தில் டாக்குரியா பாலத்தை நெருங்கும் வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி எத்தனை புதியதானாலும் பாலத்தின் அகலத்துக்குள்தான் ஊர்ந்தாக வேண்டும். எனவே பழைய போர்டு வைத்திருப்பவர்கள் 8 அல்லது 16 லேன் உள்ள கார்டைத் தேடுவது நல்லது.

இரண்டாவது கேள்வி: மின்சாரமும் இடமும் உண்டா?

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாகக் கொடுக்கும் மின்சாரம் 75 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கேபிள் வர வேண்டும். 6 பின் கேபிள் மேலும் 75 வாட் தரும். 8 பின் கேபிள் 150 வாட் தரும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் இந்தக் கேபிளே இருக்காது. சந்தையில் 'கன்வெர்ட்டர்' என்ற பெயரில் மலிவான இணைப்புகள் கிடைக்கும். அவற்றை நம்பிச் சிறிய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தலையில் பெரிய பாரத்தை ஏற்ற வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ். மீது ஒட்டியுள்ள சீட்டில் 12 வோல்ட் என்ற வரிசையைப் பாருங்கள். அங்கே உள்ள ஆம்பியர் எண்ணை 12-ஆல் பெருக்கினால் உண்மையில் கிடைக்கும் வாட் தெரியும். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். பிராசஸருக்கு 77, கார்டுக்கு 75, மற்றவற்றுக்கு ஒரு 25 என்று வைத்தால் 177. சமாளிக்கலாம், ஆனால் நெருக்கம்தான்.

அடுத்தது இடம். வங்கிகளும் கம்பெனிகளும் கழித்துவிட்ட ஒல்லியான காபினெட் கம்ப்யூட்டர்கள் நம்மில் பலர் வீட்டில் இருக்கின்றன. அவற்றில் முழு உயரக் கார்டு நிற்காது. 'லோ புரொஃபைல்' எனப்படும் குட்டைக் கார்டும், அதற்கேற்ற குட்டைத் தகடும் வேண்டும். ஓர் அடி ஸ்கேலை எடுத்து, ஸ்லாட்டிலிருந்து எதிரே உள்ள ஹார்ட் டிஸ்க் கூடு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கம்ப்யூட்டர்களில் எஸ்.எம்.பி.எஸ். பல சமயம் தனி வடிவத்தில் இருக்கும்; கடையில் கிடைக்கும் சாதாரண ஒன்றை மாற்றிப் போட இயலாது என்பதையும் கவனிக்கவும்.

மூன்றாவது கேள்வி: பயாஸ் ஏற்குமா?

கம்ப்யூட்டரை இயக்கியதும் முதலில் கண்விழிப்பது பயாஸ். 2012-ஐ ஒட்டி அதன் இடத்தை யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறை பிடித்தது. புதிய கார்டுகள் அந்தப் புதிய முறையை எதிர்பார்த்தே தயாராகின்றன. மிகப் பழைய போர்டில் செருகினால் விசிறி சுழலும், விளக்கு எரியும், ஆனால் திரை இருட்டாகவே இருக்கும் நிலை ஏற்படலாம். போர்டு தயாரித்தவர்கள் வெளியிட்ட கடைசி பயாஸ் பதிப்பைப் போட்டால் சில சமயம் சரியாகும். 2022-இல் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு 'ரீசைஸபிள் பார்' என்ற வசதி இருக்க வேண்டும் என்று இன்டெல் நிறுவனமே சொல்கிறது. அது இல்லாத பழைய போர்டில் கார்டின் வேகம் பெரிதும் குறைந்துவிடும். விலை மலிவு என்று அதைப் பழைய இயந்திரத்துக்கு வாங்குவது சரியாகாது.

நான்காவது கேள்வி: டிரைவர் கிடைக்குமா?

கார்டுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே பேசும் துபாஷிதான் டிரைவர். என்விடியா நிறுவனம் 32 பிட் இயங்குதளங்களுக்கான டிரைவர் வளர்ச்சியை 2018-இல் நிறுத்தியது. ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 2021-இல் புது டிரைவர் நின்றது. 900, 1000 வரிசைகளுக்கு 2025 அக்டோபரோடு வழக்கமான புது டிரைவர்கள் முடிந்து, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தொடர்கின்றன. மிகப் பழைய கார்டை மலிவாக வாங்கினால் அதன் துபாஷி ஓய்வு பெற்றுவிட்டிருப்பார். மிகப் புதிய கார்டை வாங்கினால் அதன் துபாஷிக்கு உங்கள் பழைய இயங்குதளத்தின் மொழி தெரியாது. இரண்டுக்கும் நடுவே உள்ளதைத் தேட வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு செய்தி: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸரையும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. எத்தனை விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் போட்டாலும் இந்த நிபந்தனை தீராது. அத்தகைய இயந்திரங்களுக்கு லினக்ஸ் நல்ல மாற்று.

ஐந்தாவது கேள்வி: மற்ற பாகங்கள் ஈடுகொடுக்குமா?

இன்போர்டு 386 கதை இங்கேதான் உதவுகிறது. கார்டு எத்தனை வேகமானாலும், அதற்கு வேலை எடுத்துக் கொடுப்பது பிராசஸரும் ராமும் டிஸ்க்கும்தான். சில நிரல்கள் பிராசஸரிடமே நிபந்தனை போடும். உதாரணமாக, டென்சர்ஃப்ளோவின் ஆயத்தப் பதிப்புகள் 2018 முதல் ஏ.வி.எக்ஸ் என்ற கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கின்றன. இன்டெலில் அது 2011-இல் வந்தது. அதற்கு முந்திய பிராசஸர் என்றால் எந்தக் கார்டு இருந்தாலும் அந்தப் பதிப்பு தொடங்கவே தொடங்காது.

வேகம் எங்கே தடைபடுகிறது என்று அறிய ஓர் எளிய வழி. உங்கள் வழக்கமான வேலையைச் செய்துகொண்டே டாஸ்க் மானேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால் உங்களுக்குத் தேவை எஸ்.எஸ்.டி. நினைவகம் நிரம்பி வழிந்தால் தேவை ராம். கிராபிக்ஸ் வரிசை நிரம்பினால் மட்டுமே கார்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இரண்டு உதாரணங்கள்

டாக்குரியா ஸ்டேஷன் அருகே வசிக்கும் நம் உறுப்பினர் குடும்பத்துப் பெண் ஒருத்தி அனிமேஷன் படிக்கிறாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "மாமா, பிளெண்டர் திறக்கவே மாட்டேன் என்கிறது. புது கம்ப்யூட்டர் வாங்க அம்மாவிடம் பணம் கேட்க மனசு வரவில்லை" என்றாள். அவளுடைய கம்ப்யூட்டர் 2012-ஆம் ஆண்டு மூன்றாம் தலைமுறை ஐ5. அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட ஒல்லி காபினெட். அம்மா சேர்த்து வைத்திருந்தது 12,000 ரூபாய். அந்த மாதம் செய்து கொடுக்க வேண்டிய பயிற்சி வேலை வேறு பாக்கி.

காரணம் விரைவில் தெரிந்தது. பிளெண்டர் 4.0 பதிப்பு ஓபன்ஜிஎல் 4.3-ஐக் கேட்கிறது. அந்தப் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் 4.0 வரைதான் அறியும். ஆக, அவளுக்குக் கார்டு உண்மையான தேவை. ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவளையே விடை நிரப்பச் சொன்னேன். ஸ்லாட்: பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0, 16 லேன். மின்சாரம்: தனிக் கேபிள் இல்லை, ஆகவே 75 வாட்டுக்குள். இடம்: குட்டைக் கார்டு மட்டும். பயாஸ்: யு.இ.எஃப்.ஐ. உண்டு, கடைசிப் பதிப்பு போட்டாயிற்று. டிரைவர்: 1050 டிஐ கார்டு மலிவாகக் கிடைத்தாலும் அது 1000 வரிசை, 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-க்குப் புது டிரைவர் தொடர்ந்து வருகிறது. மற்ற பாகங்கள்: ராம் 8 ஜி.பி., ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்.

காளிகாட்டில் மெட்ரோ ஏறி சாந்தினி சௌக் சென்றோம். கையில் அந்த ஒல்லி காபினெட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டோம். "தாதா, இதில் போட்டுக் காட்டுங்கள், ஓடினால் பணம்" என்று அவள் வங்காளத்தில் பேரம் பேசியதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் கடைக்காரர் மறுத்தார். மூன்றாவது கடையில் ஒப்புக்கொண்டார்கள். குட்டை 1650 ஒன்று அரை மணி நேரம் சோதனையில் நின்றது. பழைய கார்டும் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யும் அந்தத் தொகைக்குள் அடங்கின. லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். கார்டின் நினைவகம் 4 ஜி.பி.தான், பெரிய காட்சிகளை அது தாங்காது என்பதையும் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். படிப்பு முடியும் வரை அது போதும். அந்த மாதப் பயிற்சி வேலையை அவள் நாள் தவறாமல் கொடுத்துவிட்டாள்.

இரண்டாவது உதாரணம் நம் சங்கத்து அறையில் உள்ள கம்ப்யூட்டர். பழைய இதழ்களின் தாள்கள் இந்த ஊர் ஈரத்தில் பழுத்து ஒடிகின்றன. அவற்றை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிக் காப்பாற்ற வேண்டும் என்பது நம் எல்லோருடைய ஆசை. அதற்காக ஓர் அன்பர் கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தர முன்வந்தார். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழ் எழுத்தைப் படித்தறியும். ஆனால் அது அந்த வேலையைப் பிராசஸரிலேயே செய்கிறது. கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். டாஸ்க் மானேஜரில் பார்த்தபோது டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றது, ராம் நிரம்பியிருந்தது. ஆகவே அன்பரிடம் விவரத்தைச் சொல்லி, அந்தத் தொகையில் எஸ்.எஸ்.டி., கூடுதல் ராம், ஒரு நல்ல ஸ்கேனர் ஆகியவற்றைக் கேட்டோம். அவரும் மனமுவந்து சம்மதித்தார்.

முன்னதில் கார்டு வேண்டும் என்றும், பின்னதில் வேண்டாம் என்றும் விடை வந்தது. இரண்டு இடத்திலும் கேட்ட கேள்விகள் ஒன்றேதான் என்பதை மாணவர்கள் கவனிக்கவும்.

வீட்டில் செய்து பார்க்க

1. கம்ப்யூட்டரை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு காபினெட்டைத் திறக்கவும். மதர்போர்டின் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளவும்.

2. எஸ்.எம்.பி.எஸ். சீட்டில் 12 வோல்ட் ஆம்பியரைக் குறித்து 12-ஆல் பெருக்கவும். 6 பின், 8 பின் கேபிள் உண்டா என்று பார்க்கவும்.

3. கார்டு நிற்கும் இடத்தின் நீளத்தையும் உயரத்தையும் அளக்கவும்.

4. உங்களுக்கு வேண்டிய நிரல் எந்தக் கார்டை, எந்தப் பிராசஸரைக் கேட்கிறது என்று அதன் அறிவிப்பில் படிக்கவும்.

5. வேலை நடக்கும்போது டாஸ்க் மானேஜரில் எது நிரம்புகிறது என்று இரண்டு மூன்று நாள் குறித்து வைக்கவும்.

இந்த ஐந்து விடைகளையும் ஒரு தாளில் எழுதி ஞாயிறு வகுப்புக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். கடைக்குப் போகும்போதும் அந்தத் தாள் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.